முடிவெடுக்கும் அதிகாரம் எந்த ஊரில் இருக்கிறது?

உள்நாட்டில் வென்ற ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வெளிநாட்டுச் சந்தைகளில் எப்படிக் காலூன்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் கணக்கு மென்பொருள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டை அறிந்தவருக்கு, மென்பொருளையே மாற்றச் சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதே என் பதில். மொழிபெயர்ப்பு, விளம்பரம், புதிய அலுவலகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்க இணைய ஏல நிறுவனமான ஈபே சீனாவில் பட்ட பாட்டைவிட இதற்குத் தெளிவான சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஷாங்காயில் 1999-இல் தொடங்கப்பட்ட ஈச்நெட் என்ற ஏலத் தளத்தில் ஈபே 2002-இல் 3 கோடி டாலர் முதலிட்டு மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. அடுத்த ஆண்டே மேலும் 15 கோடி டாலர் கொடுத்து முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. அப்போது சீன இணைய ஏலச் சந்தையின் பெரும்பகுதி அந்தத் தளத்திடம் இருந்தது. அதே 2003-ஆம் ஆண்டின் மே மாதத்தில் அலிபாபா என்ற சீன நிறுவனம் தாவோபாவ் என்ற போட்டித் தளத்தைத் தொடங்கியது. ஈபே விற்பனையாளர்களிடம் கட்டணம் வாங்கியது, தாவோபாவ் வாங்கவில்லை. அதனால் ஈபே தோற்றது என்று பலர் கதையை இத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டணம் வேறொரு கதவையும் அடைத்துவிட்டது. முன்பின் தெரியாத விற்பனையாளருக்கு முதலில் பணம் அனுப்பச் சீனாவில் மக்கள் தயங்கினார்கள். பேசிப் பார்த்து, பேரம் பேசி, ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொண்ட பிறகே வாங்க விரும்பினார்கள். தாவோபாவ் அவர்களுக்கு உரையாடல் வசதியைத் தந்ததோடு, பொருள் கைக்கு வந்து சேரும்வரை பணத்தை நடுவில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டையும் செய்தது; அந்த ஏற்பாடுதான் அலிபே என்ற இணையவழிப் பணம் செலுத்தும் சேவையாக வளர்ந்தது. வாங்குபவரும் விற்பவரும் தாராளமாகப் பேசத் தொடங்கினால் வியாபாரத்தை வெளியே முடித்துக்கொண்டு கட்டணத்தைத் தவிர்த்துவிடுவார்கள் என்ற கவலை ஈபேவுக்கு இருந்தது. இது போதாதென்று 2004-இல் சீனத் தளத்தை ஈபே தன் உலகப் பொதுத் தளத்தோடு இணைத்தது. அதன்பின் ஷாங்காயில் இருந்தவர்கள் கேட்கும் சிறு மாற்றம்கூட, மற்ற நாடுகளின் கோரிக்கைகளோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 2005-இல் சீனாவுக்கென்று மேலும் 10 கோடி டாலர் ஒதுக்கியும் நிலைமை திருந்தவில்லை. 2006 டிசம்பரில் அந்தத் தளத்தை மூடிவிட்டு, டாம் ஆன்லைன் என்ற சீன நிறுவனத்துடனான கூட்டு முயற்சியில் 49 விழுக்காட்டுப் பங்குதாரராக ஒதுங்கிக்கொள்வதாக ஈபே அறிவித்தது. பணமும் பெயரும் முந்திக்கொண்ட வாய்ப்பும் கையில் இருந்த நிறுவனம் அது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் அளவில் நாங்களும் இதே தவறைச் செய்தோம். ஜெர்மனியில் விற்பதற்காகத் திரைகள் அனைத்தையும் ஜெர்மன் மொழியில் மாற்றினோம். சோதித்துப் பார்க்கப் பதிவு செய்தவர்கள் பலர், பணம் கட்டியவர்கள் மிகச் சிலர். அந்த ஊர்க் கணக்காளர் ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்திய பிறகுதான் காரணம் புரிந்தது. அங்கே ஆயிரத்தைப் புள்ளியாலும் தசமத்தைக் காற்புள்ளியாலும் பிரிப்பார்கள். வாடிக்கையாளர் பதிவேற்றிய கோப்பில் இருந்த ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோவை எங்கள் மென்பொருள் ஒன்றேகால் யூரோவாகப் படித்திருந்தது. விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) ஒவ்வொன்றுக்கும் திரும்ப வராத தொடர் எண் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு வரிச்சட்டம் எதிர்பார்க்கிறது. நாங்களோ ஒரு பட்டியலை அழித்துவிட்டு அதே எண்ணை மறுபடி பயன்படுத்த அனுமதித்திருந்தோம். சிறு நிறுவனங்கள் வங்கிப் பரிமாற்றத்தில் பணம் செலுத்த விரும்பின; நாங்கள் கடன் அட்டையை மட்டுமே ஏற்றோம். அவர் எழுதிக் கொடுத்த நீண்ட குறைப்பட்டியலில் மொழி பற்றிய குறைகள் இரண்டே இரண்டுதான்.

உபர் இந்தியாவில் செய்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அட்டை வழியாகவே பணம் பெறுவது அந்த நிறுவனத்தின் அடிப்படை வடிவமைப்பு. அப்படியிருந்தும் 2015-இல் ஐதராபாத்தில் ரொக்கம் வாங்கிப் பார்த்து, பிறகு மற்ற நகரங்களுக்கும் அதை விரிவாக்கியது.

சென்னையிலிருந்தே உலகுக்கு விற்ற ஃப்ரெஷ்வொர்க்ஸ் என் பதிலுக்கு மாறான உதாரணம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். 2010-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி. 2021-இல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அவர்கள் விற்றது வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள். வரிச்சட்டமும் கணக்கு வழக்கமும் அதில் ஆழமாக நுழைவதில்லை; ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ஒரு புகாரைக் கையாளும் முறை பெரிதாக வேறுபடுவதும் இல்லை. ஆகவே உங்கள் மென்பொருள் அந்த நாட்டின் சட்டத்தையும் பணப் பழக்கத்தையும் எவ்வளவு தொடுகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். குறைவாகத் தொடுகிறதென்றால் இருந்த இடத்திலிருந்தே விற்கலாம். அதிகம் தொடுகிறதென்றால், மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்து அந்த ஊர் ஆள் ஒருவரை அமர்த்துங்கள். அவர் கேட்கும் மாற்றம் எத்தனை நாளில் உங்கள் பொறியாளர்களின் கைக்குப் போய்ச் சேரும் என்பதையும் அப்போதே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள்.