ட்ரோனில் ‘ஆட்டி மோட்’ என்றால் என்ன? ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டாலும் ஏன் நகர்கிறது?

ஆட்டி மோடில் ட்ரோன் உயரத்தையும் சாயாத நிலையையும் மட்டுமே காக்கும். நின்ற இடத்தைக் காக்காது. இடத்தை அறிய ஜிபிஎஸ் கிடைக்க வேண்டும், அல்லது அடிப்பக்கக் கேமராவுக்குத் தரை தெரிய வேண்டும். இருட்டில் மேம்பாலத்துக்கு அடியில் பறப்பது போல இரண்டும் இல்லாதபோது, பல ட்ரோன்கள் தாமாகவே இந்த மோடுக்கு மாறிவிடும். நங்கூரம் தூக்கிய படகு கவிழாது, ஆனால் காற்றடிக்கும் பக்கம் போகும், அதேதான் இதுவும். பதறாமல், நகரும் திசைக்கு எதிராக ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து இறக்குங்கள்.

அடிக்கேமராவில் தூசி படிந்தாலும் நின்ற இடத்தைக் காப்பது தடுமாறும். பறக்கவிடும் முன் மெல்லிய துணியால் துடையுங்கள்.

ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தினால் ட்ரோன் எங்கிருந்தும் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; ஜிபிஎஸ் கிடைக்காத இடத்தில் அதை நம்பக் கூடாது.