வாசகர் கேள்வி பதில்: அறிவித்தது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு?

கே: எங்கே போர் ஓய்ந்தாலும், எங்கே பூகம்பம் வந்தாலும் உடனே ஒரு மாநாடு கூட்டி இத்தனை பில்லியன் டாலர் என்று அறிவிக்கிறார்கள். அதெல்லாம் நிஜமாகவே போய்ச் சேர்கிறதா?

ப: ஒரு பங்கு சேரும். மானியம், கடன், ஏற்றுமதிக் கடன் வசதி, ஏற்கெனவே வேறு திட்டத்துக்கு ஒதுக்கியிருந்த பணம் என எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் மேடையில் சொல்வார்கள், மறுநாள் அந்தக் கூட்டுத்தொகைதான் தலைப்புச் செய்தி. 2018 பிப்ரவரியில் குவைத்தில் ஈராக்குக்கு 30 பில்லியன் என்றார்கள். பெரும்பகுதி கடனும் முதலீட்டு வசதியும்தான். 2022 வெள்ளத்துக்குப் பிறகு பாகிஸ்தானுக்காக ஜெனீவாவில் 9 பில்லியனுக்கு மேல் அறிவித்தார்களே, அதிலும் பெரும்பங்கு திருப்பிக் கட்ட வேண்டிய பணம். இலங்கைக்காக 2003-இல் டோக்கியோவில் சொன்ன 4.5 பில்லியனுக்கோ, சமாதானப் பேச்சு முன்னேற வேண்டும் என்ற நிபந்தனை வேறு. பேச்சு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும்.

கே: இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய அமெரிக்காவின் மார்ஷல் திட்டம் போல இப்போது யாரும் ஏன் செய்வதில்லை?

ப: பணத்தைப் பார்த்தால் செய்துவிட்டார்கள். 1948 முதல் சுமார் நான்கு ஆண்டுகளில் அமெரிக்கா கொடுத்தது 13 பில்லியன் டாலர் சொச்சம். ஆப்கானிஸ்தானுக்கு ஒதுக்கியது, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும், 2014-லேயே அதைத் தாண்டிவிட்டது. 2021 ஆகஸ்டில் அந்த அரசு விழுந்த வேகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஐரோப்பாவில் பாலங்கள் உடைந்திருந்தன, ஆனால் பாலம் கட்டத் தெரிந்தவர்களும், வரி வசூலிக்கத் தெரிந்த அலுவலகங்களும் மிச்சம் இருந்தன. அதோடு, உதவி வாங்கிய நாடுகளே பாரிஸில் கூடி உட்கார்ந்து யாருக்கு என்ன தேவை என்று கணக்குப் போட்டன. சோவியத்துக்கு எதிரான சுயநலம் அமெரிக்காவுக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் பட்டியலைப் போட்டது வாங்கியவர்கள்தான்.

கே: 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம் எழுந்துகொண்டது, பூகம்பத்துக்குப் பின் ஹைட்டி எழவில்லை என்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் உலகமே உதவியதே, ஏன் இந்த வித்தியாசம்?

ப: பணப்பை யார் கையில் இருந்தது என்று பாருங்கள். ஊழலுக்குப் பேர்போன நாடு என்று இந்தோனேசியாவை அப்போது எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் 2005-இல் மறுகட்டுமானத்துக்கென்றே தனி அமைப்பைத் தொடங்கி, குந்தோரோ மங்குசுப்ரோத்தோவை அமைச்சர் அந்தஸ்தில் தலைவராக்கி, அலுவலகத்தை ஜகார்த்தாவில் வைக்காமல் மாகாணத் தலைநகர் பண்டா ஆச்சேயிலேயே வைத்தார்கள். அதற்குள்ளேயே ஊழல் தடுப்புப் பிரிவும் இருந்தது. ஆரம்பத்தில் கட்டிய வீடுகளில் சிலவற்றை இடித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது, அதையும் செய்தார்கள். 2009-இல் வேலை முடிந்ததும் அமைப்பையே கலைத்துவிட்டார்கள் (எந்த ஊர் அரசு அலுவலகமாவது தானாகக் கதவைச் சாத்திக்கொண்டு கேள்விப்பட்டிருக்கிறீர்களா?). நடுவே 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில், ஆச்சேயைத் தனிநாடாகக் கேட்டுப் போராடிய கிளர்ச்சியாளர்களோடு கையெழுத்தான சமாதானம் பெரிய பலம். அது இல்லாமல் லாரி உள்ளே போயிருக்காது.

ஹைட்டியில் 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு அவசர நிவாரணமாக வந்த பணத்தில் அந்நாட்டு அரசின் கைக்குப் போனது 1 சதவீதம்கூட இல்லை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும்தான் மற்றதெல்லாம். ஊழலுக்குப் பயந்து அப்படிச் செய்தோம் என்பார்கள். சரி, ஆனால் நோஞ்சான் அரசை ஒதுக்கிவைத்தால் அது எப்போது தேறும்? போதாக்குறைக்கு ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி, சுமார் 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

கே: பழைய துணி அனுப்பலாமா?

ப: வேண்டாம். துறைமுகத்தில் மருந்துப் பெட்டிக்கு வழிவிடாமல் கிடக்கும். பணம் அனுப்புங்கள்.

கே: வீட்டைக் கட்டிக் கொடுப்பது நல்லதா, பணத்தைக் கையில் கொடுப்பதா?

ப: பணம்தான், தவணையாக, கூடவே ஒரு பொறியாளரின் கண்காணிப்போடு. 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. இலங்கையின் வடக்கு, கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டத்திலும் 5.5 லட்சம் இலங்கை ரூபாயை வேலை நகர நகரக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். விலைவாசி ஏறியதில் அது போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு. தனக்கான வீட்டைத் தானே நின்று கட்டுகிறவர் சிமெண்டில் கை வைக்க மாட்டார், அடுப்படி எந்தப் பக்கம் என்றும் அவருக்குத் தெரியும். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் வாடகைக்கு இருந்தவர்களும், நிலப் பத்திரத்தைத் தொலைத்தவர்களும். ஆச்சேயில் பத்திரப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டார்கள்: அக்கம்பக்கத்தார் கூடி "இது இன்னாருடைய எல்லை" என்று கையெழுத்துப் போட்டதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். வாடகைக்காரர்களுக்கு முதலில் அந்த வழியும் இருக்கவில்லை, ரொம்ப நாள் போராடித்தான் வாங்கினார்கள்.