மனச்சோர்வும் ஹிப்னாடிசமும்: கேள்வி பதில்

கே: மேடம், எனக்கு டிப்ரஷன். ஹிப்னாடிசத்துக்குப் போனேன். கை தானாக உயரும் என்றார்கள், உயரவே இல்லை. இதற்கும் நான் லாயக்கில்லையா?

ப: அப்படி நினைக்காதீர்கள். ஒருவர் ஹிப்னாடிசத்துக்கு எவ்வளவு இணங்குகிறார் என்று அளக்க 1962இல் வந்த ஸ்டான்ஃபோர்டு சி அளவுகோலில் 12 சோதனைகள். நீட்டிய கை கனத்து இறங்குவது பலருக்கும் நடக்கும். இல்லாத கொசு காதோரம் ரீங்கரிப்பது அதைவிடக் கடினம். யாருமே பேசாதபோது குரல் கேட்பது வெகு சிலருக்குத்தான். பெரும்பாலானவர்கள் நடுத்தரம். அதே ஆட்களை 25 ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒத்துப்போனதை 1989இல் வெளியிட்டார்கள். டிப்ரஷன் வந்ததும் பறிபோகிற திறன் இல்லை இது.

அனுபவம்தான் மாறுகிறது. கவனம் நழுவும். கடற்கரையை நினைக்கச் சொன்னால் காட்சி மங்கலாக வரும், வந்தாலும் இதம் இருக்காது. கை அசைந்தால்கூட ‘நான்தான் அசைத்தேன்’ என்று தோன்றும். நடுவில் ‘பார், இதுவும் வரலை’ என்று மனசு குத்தும். அதை அப்படியே உங்கள் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். கையை விட்டுவிட்டு அவர் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தால், அதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கே: மனசு பலவீனமானவங்கதானே இதுக்கு மயங்குவாங்க?

ப: இல்லை. பலவீனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கே: எல்லாமே நடிப்பு மேடம்.

ப: 1997இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் ஹிப்னாடிசத்தில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். வலியின் வேதனை கூடும், குறையும் என்று சொல்லச் சொல்ல, மூளையில் வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் பகுதியின் செயல்பாடும் கூடிக் குறைந்தது. நடிப்பு என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்?

கே: (அவரே) அப்போ டிப்ரஷன் வேதனையையும் அப்படியே எடுத்துடலாமே?

ப: முடியாது. அது சில நிமிடம் கையில் பட்ட சூடு. டிப்ரஷன் தூக்கம், பசி, நினைப்பு எல்லாவற்றிலும் மாதக்கணக்கில் ஊறிக் கிடப்பது. நினைப்பையும் நடத்தையையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு (CBT) துணையாக ஹிப்னாடிசத்தைச் சேர்க்கிறார்கள். மாத்திரைக்குப் பதிலாக அல்ல. மறுபடியும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

கே: டிப்ரஷன் இருந்தா சீக்கிரம் மயங்கிடுவாங்களா?

ப: முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

கே: டிப்ரஷனுக்குக் காரணமான மறந்துபோன சம்பவத்தைத் தோண்டி எடுக்கலாமா?

ப: கூடாது. நடக்காததும் நடந்ததாகப் பதிந்துவிடும்.

கே: தங்கச்சி செத்துடலாம்னு சொல்றா. ஹிப்னாடிசம் செய்யலாமா?

ப: இப்போது வேண்டாம். இன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம். முதலில் அழையுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்.