பாலத்தில் காணாமல் போன சிவப்புப் புடவை

கேள்வி: ஐயா, கடலூர் ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஒரு பூக்கார அம்மா காலையில் நடந்து வந்தார். சிவப்புப் புடவை, தலையில் கூடை. கலரில் படம் அருமை. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் கைப்பிடிச் சுவரோடு சுவராகிவிட்டார். எங்கே தவறு?
(கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்)

பதில்: அந்த அம்மாவைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டியது நிறம்தான், தம்பி. நிறத்தை எடுத்துவிட்டால் வெளிச்சம் மட்டுமே மிச்சம். நிழலில் இருக்கும் சிவப்பும் அழுக்கேறிய சிமென்ட்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல்.

கலர்ப் படத்தை வைத்திருக்கிறீர்கள் அல்லவா, நல்லது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் செயலியில் திறந்து, சிவப்பை மட்டும் ஏற்றுங்கள். புடவை வெளுக்கும், சிமென்ட் அப்படியே நிற்கும். ஃபிலிம் காலத்தில் இதற்காகவே லென்சுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டுவோம். சிவப்பு வெளுக்கும், நீல வானம் கறுக்கும். அடர்ந்த சிவப்பு ஃபில்டர் என்றால் எட்டு மடங்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும்.

நானாக இருந்தால் மறுபடியும் அங்கே போவேன். ஆறு கிழக்கே கடலுக்குப் போகிறது, அதன் குறுக்கே வடக்கும் தெற்குமாகப் பாலம். தண்ணீர் வற்றிய மாதத்தில், சூரியன் எழுந்த சிறிது நேரத்தில், பாலத்துக்கு மேற்கே மணலில் இறங்கி நின்று பாருங்கள். மேலே போகிறவர்கள் எல்லாம் வானத்தில் நடப்பார்கள். போனில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தால் ஆள் முழுக் கறுப்பாகிவிடுவார். புடவை என்ன நிறம் என்ற கவலையே இல்லை. கீழேயிருந்து பார்ப்பதால் கைப்பிடிச் சுவர் காலை மறைக்கும். பாலத்துக்கு மிக அருகில் நின்றால் தலை மட்டும்தான் தெரியும், அதனால் நன்றாகத் தள்ளி வாருங்கள். தலையில் கூடை இருப்பதால் இடுப்புக்கு மேலே தெரிந்தாலே போதும்.

அப்புறம், கம்பங்களைப் பாருங்கள். இளவயதில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் கடற்கரை மணலில் நின்று பழைய துறைமுகப் பாலத்தை எடுத்தேன். தோளில் வலையோடு ஒருவர் நடந்து போனார், அவசரப்பட்டு அழுத்திவிட்டேன். பிரிண்டில் அவர் தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்திருந்தது. இரண்டு அடி அவர் நகரும்வரை பொறுத்திருந்தால் சுத்தமான வானம் கிடைத்திருக்கும். 2022 மார்ச்சில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. அந்த நெகட்டிவை இப்போது எடுத்துப் பார்த்தாலும் மனம் வலிக்கிறது.

கேள்வி: பாலம் முழுவதும் வேண்டும் என்று தள்ளிப் போனால் ஆள் எறும்பாகிவிடுகிறார். எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
(வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: எறும்பாகவே இருக்கட்டும். சுற்றிலும் வெறும் வானமோ வெறும் தண்ணீரோ இருந்தால் கண் அவரைத் தேடிப் பிடித்துவிடும். பாலம் எவ்வளவு பெரியது என்று சொல்வதும் அவர்தான். முழு உருவம் தெரிகிற இடத்தில், இரண்டு கால்களும் அகன்று நடுவில் வெளிச்சம் தெரியும் நொடியில் அழுத்துங்கள். கால்கள் சேர்ந்திருந்தால் அவரும் ஒரு கம்பம்தான். அவர் போகும் திசையில் இடம் விடுங்கள்.

ஆளைத் துரத்த வேண்டாம். இடத்தை முடிவு செய்து, ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். 1950-ல் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், தெருப் படங்கள் பலவற்றை இப்படிக் காத்திருந்துதான் எடுத்தார்.

கேள்வி: தெரியாதவர்களை எடுக்கும்போது அனுமதி கேட்க வேண்டுமா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: முகம் தெரிந்தால் எடுத்தபிறகாவது போய்ப் பேசுங்கள், படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். நிழலுருவில் முகம் தெரியாது, ஆனாலும் நான் போய்க் காட்டுவேன். மஞ்சக்குப்பம் தம்பிக்கும் இதையே சொல்கிறேன். அந்தப் பூக்கார அம்மா தினமும் அதே வழியாகத்தானே வருவார்? ஒரு பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள்.