தடைக்காலத்திலும் தவணை கட்ட வேண்டுமே: ஆன்லைன் படிப்புக்கு லேப்டாப் வாங்கும் முன்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். தினமும் ராமநாதபுரம் போய்வர வேண்டாமே என்று ஆன்லைனில் பி.காம். சேர நினைக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கப் பங்குக்குப் போகிறார். மாதச் சம்பளம் கிடையாது, கிடைக்கும் மீனில் ஒரு பங்குதான். 54,000 ரூபாய் லேப்டாப்பை வட்டி இல்லாமல் மாதம் 4,500 வீதம் 12 தவணையில் தருகிறோம், செயலாக்கக் கட்டணம் மட்டும் 1,000 என்கிறார் கடைக்காரர். மொத்தமாகக் கொடுத்தால் 50,000தானாம். கையில் 35,000 இருக்கிறது. முதல் வருடக் கட்டணம் தனியாக வைத்திருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு போகத் தொடங்கிவிட்டதால் தவணை கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. தவணையில் வாங்கலாமா, என் நகையை அடகு வைத்து மொத்தமாக வாங்கலாமா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: இரண்டும் வேண்டாம் சகோதரி. கையில் இருக்கும் 35,000 ரூபாய்க்குள்ளேயே இதை முடிக்க முடியும்.

முதலில் அந்த 'வட்டி இல்லாத' தவணையைப் பார்ப்போம். ரொக்கத்துக்கு 50,000, தவணைக்கு 54,000, அதற்கு மேல் 1,000. ஆக 5,000 ரூபாய் கூடுதல். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இது வருடத்துக்குச் சுமார் 18 சதவீத வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

வட்டியைவிட எனக்குக் கவலை தருவது காலண்டர். 12 மாதத் தவணை என்றால் அடுத்த ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமும் அதற்குள் வந்துவிடும். அந்த நாட்களில் பங்கு வராது, ஆனால் 4,500 ரூபாய் தேதி தவறாமல் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு தவணைக்கே 9,000 ஆகிறது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரங்களும் போய்விடும். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் போடுவார், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு மகளின் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு நீங்கள் கையெழுத்துப் போடும்போது வங்கி பார்ப்பது அந்த மதிப்பெண்ணைத்தான். மாதச் சம்பளக்காரருக்காக உருவான கடன் இது. பங்குக்குப் போகும் வீட்டுக்கு இது பொருந்தாது.

சரி, என்ன வாங்குவது? பி.காம். படிக்க 54,000 ரூபாய் லேப்டாப் தேவையே இல்லை. வீடியோ வகுப்பு, எக்செல், டேலி என்ற கணக்கு மென்பொருள், அசைன்மென்ட் தட்டச்சு, இவ்வளவுதான் வேலை. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒழுங்காக வேலை செய்யும் கேமராவும் மைக்கும் இருந்தால் போதும். அலுவலகங்களில் பயன்படுத்திப் புதுப்பித்து விற்கும் லேப்டாப்கள் இந்த அளவில் 20,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. அதனால் விண்டோஸ் 11 ஏற்கும் கருவியாக வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. அதற்கு முந்தையதை 12,000-க்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். செல்போனே போதும் என்றும் விட்டுவிட வேண்டாம். வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதும் தேர்வு பலவற்றில் செல்போனை ஏற்பதில்லை.

மிச்சப் பணத்தை இணையத்துக்கு வையுங்கள். உங்கள் ஊரில் படிப்பு பாதியில் நிற்க அதிக வாய்ப்பு இங்கேதான். ஒரு மணி நேர நேரலை வகுப்புக்குச் சுமார் 1 ஜிபி டேட்டா போகும். தினம் மூன்று வகுப்பு இருந்தால் நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் மதியத்திலேயே தீர்ந்துவிடும். உங்கள் தெருவில் ஃபைபர் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சிறிய திட்டம் மாதம் 400, 500 ரூபாயில் கிடைக்கும், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இல்லையென்றால் எந்த சிம் எடுக்கும் என்று வகுப்பு நேரத்திலேயே, மகள் உட்காரப் போகும் இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். கடற்கரையில் நன்றாக எடுக்கும் சிம் வீட்டுக்குள் எடுக்காமல் போகலாம். ரூட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் வரும். மின்சாரம் போனாலும் லேப்டாப் பேட்டரியும் இதுவும் சேர்ந்து ஒரு வகுப்பைத் தாங்கிவிடும். ஃபைபர் அறுந்தால் உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறது.

லேப்டாப் 24,000, யூபிஎஸ் 2,000, ஹெட்செட் 600, இணைப்பும் முதல் ஆறு மாதக் கட்டணமும் ஒரு 5,000. எல்லாம் 32,000-க்குள் அடங்குகிறது, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். எப்படியும் நகைதான் வழி என்று வந்தால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ, இடையில் கையில் வரும்போது கட்டி ஒரு வருடத்துக்குள் மீட்கும் வகையில், குறைந்த தொகைக்கு மட்டும் வையுங்கள்.

எதையும் வாங்கும் முன் இன்னொன்றை யோசித்துப் பார்க்கச் சொல்வேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண், நேரடியாகக் கல்லூரிக்குப் போனால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். மூன்று வருடத்துக்கு 36,000. வீட்டிலிருந்தே படிக்கும் தொலைநிலைப் படிப்புக்கு அது கிடையாது. ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் கட்டணமும் குறைவு. தினசரிப் பயணத்தின் அலுப்பு உண்மைதான், முடிவு உங்கள் மகளுடையது. ஆனால் இந்தத் தொகையை அவளிடம் சொல்லிவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

ஆன்லைன்தான் என்று உறுதியானால், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பி.காம். படிப்பும் இந்தச் சேர்க்கைப் பருவத்துக்கு அனுமதி பெற்றவையா என்று யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவான டிஇபி-யின் இணையதளத்தில் பாருங்கள். சேர்க்கைக்குத் தேவையான டிஇபி எண்ணையும் அங்கேயே எடுக்க வேண்டும். தேர்வு வீட்டிலிருந்தா, மையத்திலா என்றும் கேளுங்கள். மதுரை மையம் என்றால் பருவத்துக்கு ஒருமுறை போய்வரும் செலவையும் ஒதுக்க வேண்டும். இதெல்லாம் உறுதியான பிறகு லேப்டாப் கடைக்குப் போங்கள். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், ஒரு வருட வாரண்டியும் எழுத்தில் தராத கடையில் பணத்தை நீட்டாதீர்கள்.