ஆன்லைன் வகுப்பில் வெப் டெவலப்மென்ட் கற்கிறேன். வீடியோ பார்த்தால் புரிகிறது, தனியாக எழுத வரவில்லை. வேறு வகுப்பில் சேரலாமா?

சேர வேண்டாம். இருக்கிற வகுப்பே போதும். அதைப் படிக்கிற முறையை மட்டும் மாற்றுங்கள்.

பி.காம். முடித்துவிட்டுக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதாகவும், மாலை நேரங்களில் ஆன்லைனில் படிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தின் அமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல், தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் இரண்டும் முடிந்து, பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பாதி வரை வந்துவிட்டீர்கள். ஆனாலும் வெறும் ஃபைலைத் திறந்து வைத்தால் முதல் வரிக்கே கை ஓடவில்லை என்கிறீர்கள். நான் வரலாற்றுப் பட்டதாரி. இணையத்தில் படித்துத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். இப்போது இதுவே என் தொழில். வார இறுதிகளில் புதிதாகக் கற்கிறவர்கள் எழுதிய நிரலைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்லும் இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லோருமே நிற்கிறார்கள். அறிவுக் குறைவோ ஆங்கிலக் குறைவோ இதற்குக் காரணமில்லை.

சிக்குக் கோலம் போடுகிறவரின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வளைவும் தெளிவாகத் தெரியும். மாவை வாங்கி நாமே புள்ளி வைத்துத் தொடங்கினால் இரண்டாவது வளைவில் கோடு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாது. வீடியோ வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. ஆசிரியர் எழுதுவதைப் புரிந்துகொள்வது ஒரு திறமை, அடுத்த வரி என்ன என்று தானே முடிவுசெய்வது வேறொரு திறமை. வீடியோ முதலாவதை மட்டுமே வளர்க்கும். இன்னொரு வகுப்பில் சேர்ந்தாலும் அந்த முதலாவது திறமைதான் இன்னும் கொஞ்சம் வளரும்.

ஆகவே ஒரு பாடம் முடிந்ததும் வீடியோவை மூடிவிடுங்கள். புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து, ஆசிரியர் செய்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். வீடியோவைப் பார்த்து எழுதக் கூடாது. தடைபட்டால் வீடியோவுக்குத் திரும்புவதற்கு முன், தடைபட்ட இடத்தை ஒரு தமிழ் வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள்: 'பொத்தானை அழுத்தும்போது பெட்டியில் உள்ள எண் எனக்கு வேண்டும், அதை எப்படி எடுப்பது?' கேள்வியை இப்படி எழுதத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த ஒரு கேள்விக்கான விடையை மட்டும் தேடிப் பாருங்கள், மறுபடியும் மூடிவிட்டு எழுதுங்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரமாவது இந்த வேலை பிடிக்கும். அதனால் வகுப்பு மெதுவாகத்தான் நகரும். நகரட்டும்.

இந்த நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் தருகிறேன். இரண்டு பெட்டிகள், ஒரு பொத்தான், கூட்டுத்தொகை காட்ட ஓரிடம். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதைவிட எளிய பயிற்சி இருக்க முடியாது. பக்கத்தை எழுதி, ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைப் பக்கத்தின் தலைப்பகுதியில் (ஹெட்) இணைத்துப் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒன்றுமே நடக்கவில்லை. எஃப்12 விசையை அழுத்தி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் இடமான கன்சோலைப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 'நல்' என்பதிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். 'நல்' என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். பொத்தான் கண்ணெதிரே இருக்கும்போது பிரவுசர் ஏன் ஒன்றுமில்லை என்கிறது?

பிரவுசர் உங்கள் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. தலைப்பகுதியில், நிரல் ஃபைலை இணைக்கும் ஸ்கிரிப்ட் டேக் வந்தவுடன் நின்று அந்த நிரலை ஓட்டுகிறது. அந்த நொடியில் பொத்தான் இன்னும் உருவாகவே இல்லை. நிரல் பொத்தானைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. ஸ்கிரிப்ட் டேகில் 'டிஃபர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், பக்கம் முழுவதையும் படித்த பிறகே நிரலை ஓட்டும், சிக்கல் தீர்ந்துவிடும்.

இப்போது பொத்தான் வேலை செய்கிறது. ஒரு பெட்டியில் 5, இன்னொன்றில் 3 போட்டு அழுத்தினால் விடை 53 என்று வருகிறது. பெட்டியிலிருந்து வரும் மதிப்பு எப்போதும் எழுத்துச் சரம்தான் (வெறும் எழுத்துகளின் வரிசை), அது எண்ணுக்கான பெட்டியாகவே இருந்தாலும். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி இட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை ஒட்டிவிடும். அதே பெட்டிகளுக்குக் கழித்தல் குறி இட்டால் 2 என்று சரியான விடை தரும், ஏனென்றால் சரத்தைக் கழிக்க முடியாது, எண்ணாக மாற்றித்தான் ஆகவேண்டும். பெட்டியின் மதிப்பை முதலிலேயே எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இனி உங்களுக்கு மறக்காது.

இந்த இரண்டு எரர்களும் உங்கள் வகுப்பின் வீடியோவில் அநேகமாக வந்திருக்காது. ஆசிரியர் அவற்றைத் தாண்டி வந்தவர், பழக்கத்தில் ஸ்கிரிப்டைச் சரியான இடத்தில் வைத்துவிடுகிறார். தப்பித் தவறி ஏதாவது வந்தாலும் வெட்டி எடுத்த பிறகுதான் வீடியோ நமக்கு வருகிறது. ஆனால் இந்தத் தொழிலில் பெரும்பகுதி நேரம் எரருடன்தான் கழிகிறது. சிவப்பு வரியைப் பார்த்ததும் பதற்றப்படாமல் அதை முழுவதும் படித்து, அது காட்டும் வரி எண்ணுக்குப் போய்ப் பார்க்கிற பழக்கம் வந்தாலே நீங்கள் தொடக்கநிலையைத் தாண்டிவிட்டீர்கள் என்பேன். அந்தச் செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்று தயங்க வேண்டாம். திரும்பத் திரும்ப வருபவை ஒரு சில சொற்களே. ஒரு நோட்டில் எரரை எழுதி, எதிரே அதற்கான காரணத்தைத் தமிழில் எழுதி வாருங்கள். நான் அப்படித்தான் படித்தேன். எந்தப் பாடப்புத்தகத்தையும் விட அந்த நோட்டையே அதிகம் புரட்டியிருக்கிறேன்.

ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் பக்கங்களைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) எப்போது தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் பாதியில் இருக்கும்போது ரியாக்டுக்குத் தாவினால் அந்த ஆண்டு வீணாகும். ஒரு ஃபங்ஷனுக்குள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) இன்னொரு ஃபங்ஷனை அனுப்புவது, பட்டியலிலிருந்து வேண்டியதை மட்டும் வடிகட்டி எடுப்பது, வேறொரு சர்வரிலிருந்து தகவல் வரும்வரை காத்திருந்து அதைப் பக்கத்தில் காட்டுவது ஆகிய மூன்றையும் எந்தத் துணையும் இல்லாமல் எழுத வந்த பிறகு ரியாக்டைத் தொடுங்கள். ரியாக்ட் 2013-இல் வெளிவந்தது. அதற்கு முன் கொடிகட்டிப் பறந்த இதுபோன்ற நிரல் தொகுப்புகள் பலவற்றைப் புதிய வேலைகளில் இன்று யாரும் தேடுவதில்லை. ஆனால் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் 1991-இல் வெளியிட்ட முதல் இணையதளத்தின் பழைய பிரதியை இன்றைய பிரவுசரில் திறந்தாலும் படிக்க முடிகிறது. அடிப்படையில் போடுகிற உழைப்பு அவ்வளவு காலம் தாங்கும்.

சிஎஸ்எஸ்ஸை முடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஒரு சோதனை: அகலம் 300 பிக்சல், உள் இடைவெளி ஒவ்வொரு புறமும் 20, ஓரக்கோடு ஒவ்வொரு புறமும் 1 என்று ஒரு பெட்டிக்குக் கொடுத்தால் திரையில் அது எத்தனை பிக்சல் இடம் பிடிக்கும்? வேறு எதுவும் சொல்லாதவரை 342. இந்த விடை உடனே வந்திருந்தால் முன்னே செல்லுங்கள். வரவில்லையென்றால் பெட்டியின் அளவைக் கணக்கிடும் பாக்ஸ் மாடலையும், பெட்டிகளை வரிசைப்படுத்தும் ஃப்ளெக்ஸ்பாக்ஸையும் இன்னொரு முறை கையால் எழுதிப் பாருங்கள். பக்கம் கோணலாக வருகிறது என்று என்னிடம் வருகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

பணத்தைப் பற்றி. வேலை உறுதி என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிற வகுப்புகள் உங்களைத் தேடி வரும். கடன் வாங்கிக் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பாடம் என்ற அளவில், இலவசமாகக் கிடைப்பவை எந்தக் கட்டண வகுப்புக்கும் குறைந்தவை அல்ல. ஃப்ரீகோட்கேம்ப் 2014-இலிருந்து நடக்கும் லாப நோக்கற்ற தளம். பிரவுசரிலேயே எழுதிப் பழகலாம். ஒரு சான்றிதழுக்குச் சுமார் 300 மணி நேரம் ஆகும் என்று அவர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஐந்து மாதம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர் இந்தக் கணக்கை மனத்தில் வைப்பது நல்லது. 'ஒரு மாதத்தில் டெவலப்பர்' என்கிற விளம்பரங்களின் யோக்கியதை அப்போது விளங்கும். தி ஓடின் ப்ராஜெக்ட் இன்னும் கடுமையானது. அங்கே வீடியோ குறைவு, வாசிப்பும் பயிற்சியும் அதிகம். தொடக்கத்திலேயே சொந்தக் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பழகி, கால்குலேட்டர் வரை தனியாகச் செய்யச் சொல்லும். இருக்கிற வகுப்புக்குப் பிறகு இன்னொன்று வேண்டுமென்றால், உங்கள் சிக்கலுக்கு நேர் மருந்து அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஹார்வர்டின் சிஎஸ்50 அருமையான வகுப்பு, ஆனால் அது பெரும்பகுதி சி மொழி வழியாகக் கணினி அறிவியலைச் சொல்லித் தருவது. இப்போதைக்கு உங்களுக்கு அவசியமில்லை. தமிழில் படிக்க விரும்பினால் கணியம் என்ற தமிழ்த் தொழில்நுட்ப மின்னிதழ் வெளியிட்ட 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களில் ஹெச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் இலவசமாகவே இருக்கின்றன.

கட்டண வகுப்பில் உண்மையாகவே விலைபெறும் ஒன்று உண்டு: உங்கள் நிரலை ஒரு மனிதர் வரி வரியாகப் படித்துக் கருத்துச் சொல்வது. சேருவதற்கு முன் அதை மட்டும் கேளுங்கள். யார் படிப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? தெளிவான பதில் இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் நிரல் எழுதி வாங்க வேண்டாம், இந்தக் கட்டத்தில் மட்டும். நீங்கள் எழுதிய நிரலைக் கொடுத்து 'இது ஏன் 53 என்று காட்டுகிறது?' என்று கேட்கலாம். விளக்கம் கேட்பது கற்றல். எழுதி வாங்கினால், தனியாக எழுத வரவில்லை என்ற அதே குறை இன்னும் ஆழமாகும்.

வகுப்பில் வரும் மாதிரித் திட்டங்களோடு, உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குப் பயன்படுகிற பக்கம் ஒன்றையும் தமிழில் செய்யுங்கள். தெருமுனைத் தையல் கடையின் கூலிப் பட்டியலாக இருக்கலாம், ஊர் நூலகத்தின் புதுவரவுகளாக இருக்கலாம். தமிழில் செய்தால் வகுப்பில் சொல்லாத பலவற்றைத் தொட வேண்டியிருக்கும். எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று பக்கத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்காவிட்டால் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக லத்தீன் எழுத்துக் குப்பை வரக்கூடும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்கிறது, நாம் எண்ணினால் 3. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் மகரமும் இகரக் குறியும் தனித்தனி, ழகரமும் புள்ளியும் தனித்தனி. பெயருக்கு எழுத்து வரம்பு வைக்கும் படிவம் ஒன்றை எழுதும்போது இது நேராக வந்து மோதும். கீழும் மேலும் குறிகள் வருவதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி தமிழுக்குப் போதாது. கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், பக்கம் மூச்சு விடும்.

முடித்ததும், பக்கங்களை இணையத்தில் வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றுங்கள். செலவில்லை. நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழுக்கு மேலாக இந்த முகவரியைத்தான் காட்டப்போகிறீர்கள். பக்கத்தை முதலில் அந்தக் கடைக்காரரின் ஃபோனில் திறந்து பாருங்கள். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தால், வியூபோர்ட் மெட்டா வரி விடுபட்டிருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் ஃபோன் பிரவுசர் உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ளதாக எண்ணிச் சுருக்கிக் காட்டும். தலைப்பகுதியில் அதைச் சேர்த்து மறுபடியும் ஏற்றுங்கள். பிறகு, கூலிப் பட்டியலில் தேடுவதற்கு ஒரு பெட்டி வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் அடுத்த ஜாவாஸ்கிரிப்ட் பயிற்சி அதுதான்.