'கிரிங்கிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள்? அன்றாடம் அதை எப்படிச் சொல்வது?

ஒரே தமிழ்ச் சொல்லைக் கேட்டால் என்னிடம் இல்லை. அந்த ஆங்கிலச் சொல் கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்தே பொருள் தருகிறது. தாள் 'கிரிங்கிள்' ஆனது என்றால் அதில் சுருக்கம் விழுந்தது என்றும் கொள்ளலாம், அது சரசரத்தது என்றும் கொள்ளலாம். தமிழில் இவை இரண்டு தனித்தனிச் சொற்குடும்பங்கள். எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

எனக்கு இது என் மகளின் துணிப்புத்தகத்தால் புரிந்தது. பக்கங்களுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துத் தைத்திருந்தார்கள். அட்டையில் 'கிரிங்கிள் பக்கங்கள்' என்று போட்டிருந்தது. அப்போது அவளுக்கு எட்டு மாதம். பக்கத்தை இறுகப் பிடித்தாள், சத்தம் வந்தது, கையை அப்படியே நிறுத்தினாள். தன் விரல்களையே பார்த்தாள். மறுபடி பிடித்தாள். சுருக்கம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, சத்தம்தான் எல்லாம். அந்தப் பக்கங்களுக்குத் தமிழில் 'சரசரக்கும் பக்கங்கள்' என்பதே சரி.

ஆனாலும் ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கியதில் ஓர் உண்மை இருக்கிறது. தாளைக் கசக்கும்போது வரும் ஓசை சின்னச் சின்னச் சொடுக்குகளின் தொகுப்பு. தாளின் ஒரு சிறு பகுதி ஒரு வளைவிலிருந்து சட்டென்று இன்னொரு வளைவுக்குப் புரளும்போது ஒரு சொடுக்கு பிறக்கிறது. 1996இல் இயற்பியலாளர்கள் இந்த ஓசையை அளந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மிட்டாய்த் தாளை எவ்வளவு மெதுவாகப் பிரித்தாலும் சத்தம் அடங்காததற்கும் இதுவே காரணம். சொடுக்குகளுக்கு இடையே நேரம் கூடுமே தவிர, ஒவ்வொரு சொடுக்கும் பழைய வலுவோடுதான் வரும்.

இனிப் பயன்பாடு. துணியும் தாளும் தாமாகக் கசங்கும். நாம் செய்தால் கசக்குவோம். காய்ந்த சருகும் பட்டுத்துணியும் சரசரக்கும். சலசலப்பு வேறு: அது ஓடும் நீருக்கும் காற்றில் ஆடும் பச்சை இலைக்கும் உரியது. மடிப்புக் கலையாத புத்தாடையும் புதுத் தாளும் மொடமொடவென்று இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த 'மொடமொட'தான். விறைப்பைத் தொட்டறிவதும் ஓசையைக் கேட்பதும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு மிக அருகில் வருவது அதுவே. சரசர, சலசல, மொடமொட மூன்றும் இரட்டைக்கிளவிகள் என்பதால் பாதியாகப் பிரித்தால் பொருள் தராது.

ஓசையே இல்லாத இடமும் உண்டு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பாம்புபோல வளைந்து செல்லும் செங்கல் மதில்களை 'கிரிங்கிள் கிராங்கிள்' மதில் என்பார்கள். வளைவே தாங்குவதால் அவை ஒற்றைச் செங்கல் கனத்திலேயே நிற்கின்றன. இங்கே சுருக்கம் என்றால் பொருந்தாது, 'நெளிமதில்' என்று சொல்லலாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் முகம். ஆங்கிலக் கதைகளில் ஒருவர் சிரிக்கும்போது கண்கள் 'கிரிங்கிள்' ஆகும். அகராதியைப் பார்த்து 'அவர் கண்கள் கசங்கின' என்று எழுதினால் அவரை அழவைத்துவிடுவோம். கண்ணைக் கசக்குவது தமிழில் அழுகை. ஒருவர் கண் கசங்காமல் பார்த்துக்கொள்வது என்றால் அவரை அழவிடாமல் காப்பது. 'சுளித்தார்' என்றாலோ வெறுப்பு வந்துவிடும். 'சிரித்தபோது கண்ணோரம் சுருக்கம் விழுந்தது' என்று எழுதுங்கள், போதும்.

அந்த முகம் முதியவருடையது என்றால் இன்னொரு சொல்லும் இருக்கிறது: திரை. 'நரை, திரை, மூப்பு' என்று அடுக்கும்போது வருகிற அதே திரை. தோலில் விழும் சுருக்கத்துக்கும் கடலில் எழும் அலைக்கும் தமிழில் அது ஒரே சொல். சிரிக்கும் பாட்டியின் கண்ணோரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அந்தச் சொல் அங்கே வந்த காரணம் தெரியும்.